மறுநாளும் அதே தெரு

நாகப்பட்டினத்தில் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவனுக்கு டிசம்பர் 24 ராத்திரி தூக்கம் கிடையாது. வேளாங்கண்ணியில் நள்ளிரவுத் திருப்பலி. குழந்தை ஏசுவைக் குடிலில் வைக்கிற அரை நிமிஷத்துக்காகக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். விடிந்தால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேருக்கு ஆண்டுதோறும் அங்கே வீரவணக்கம். செங்கொடி, பேரணி, நினைவிடத்தில் மாலை, தலைவர்கள் பேச்சு. அதை முடித்து வீட்டுக்கு வந்து ரோலைக் கழுவிப் போட்டால் 26ஆம் தேதி ஓய்வு. 2004 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் 26ஆம் தேதி காலையில் சுனாமி அஞ்சலிக்காகக் கடற்கரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது.

வெளியூரிலிருந்து வரும் போட்டோகிராபருக்கு இவை மூன்று நிகழ்ச்சிகள். எனக்கு அப்படி இல்லை. வெண்மணியில் கொடி பிடித்து வந்தவர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்பார். கடலில் பால் ஊற்றி அழுத அம்மா மறுவாரம் மீன் மார்க்கெட்டில் என்னிடமே சங்கராவுக்கு விலை சொல்வார். படம் எடுத்த மறுநாளும் நான் அதே தெருவில் நடந்தாக வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த எடிட்டரும் இல்லை, அந்தத் தெருதான்.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது அரசாங்கம். 1991 அக்டோபரில் தஞ்சாவூரிலிருந்து பிரித்து நாகையைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டத் தலைநகர் என்றால் கலெக்டர், எஸ்.பி.; அவர்கள் வந்தால் ஆய்வுக் கூட்டம், திறப்பு விழா, ஆர்ப்பாட்டம்; இவ்வளவும் இருந்தால் நிருபர். நிருபருக்குப் படம் வேண்டும். நான் அப்போது ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படங்களுக்கு டச்சப் பண்ணிக்கொண்டிருந்த பையன். ஒருநாள் ஒரு நிருபர் வந்து, “தம்பி, ஒரு அரை மணி நேரம் வர்றியா, மந்திரி வர்றாரு” என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். போனவன் போனவன்தான்.

படம் பிரசுரமானால் காசு. ஆகாவிட்டால் ஃபிலிம் செலவு நம் தலையில். அதனால் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா எடுக்காத பத்திரிகைப் படக்காரன் எங்கள் ஊரில் கிடையாது. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் எங்கள் கைக்கு எட்டிய சரக்கு. குளியலறைதான் டார்க்ரூம். கதவிடுக்கில் போர்வையைச் செருகி, இருட்டில் தடவித் தடவி ஃபிலிமை டாங்குக்குள் சுற்றி, டி-76 ஊற்றி, கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஹைப்போ. மே மாதம் நாகையில் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வரும். டெவலப்பர் சூடேறினால் நெகட்டிவ் அட்டைக் கறுப்பாகிவிடும். நல்லவேளை, மீன் ஏற்றும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஐஸ் பிளாண்டில் ஒரு துண்டு வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் போட்டு, அதற்குள் டாங்கை நிறுத்துவேன். மீன் வாடையும் ஹைப்போ வாடையும் சேர்ந்து அடித்த குளியலறையைப் பற்றி என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

பிரிண்ட் போட்டு டேபிள் ஃபேனில் காயவைத்துக் கவரில் போட்டு, ‘செய்தி – அவசரம்’ என்று எழுதி, சாயங்காலம் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பஸ் நம்பரை ஆபீஸுக்குச் சொன்னால் அங்கே பஸ் ஸ்டாண்டில் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். பஸ் வழியில் பஞ்சரானால் மறுநாள் பேப்பரில் நாகை இல்லை. நம் ஊரில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்று தமிழ்நாடு நினைத்துக்கொள்ளும்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி குத்துவிளக்கு, பொன்னாடை, மரக்கன்று. ஒரு கன்றுக்கு எட்டுக் கை. நலத்திட்ட உதவி என்றால் தையல் மிஷின் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள்; இரண்டு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் ஒரு கலெக்டரிடம், “சார், பாட்டியப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் பார்த்தார். பாட்டி இதுதான் சமயம் என்று, முதியோர் பென்ஷன் நின்று போன கதையை ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசை நிற்கிறது, தாசில்தார் முறைக்கிறார், பாட்டி நிறுத்துவதாக இல்லை. எனக்கு அன்றைக்கு நல்ல படம் கிடைத்தது. பேப்பரில் வந்தது அதற்கு முந்தின படம், இருவரும் கேமராவைப் பார்த்தது.

திருவிழாக்கள் வேறு மாதிரி. நாகூர் கந்தூரிக்குக் கொடி ஊர்வலமும் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்துதான் புறப்படும். கூடவே நடக்க வேண்டும். ஐந்து மினாராவும் விளக்கில் தெரிய வேண்டுமென்றால் எந்த வீட்டு மொட்டைமாடி, அந்த வீட்டுக்காரரிடம் யார் சொன்னால் நடக்கும் என்பதெல்லாம் லென்ஸைவிட முக்கியம். சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் சிக்கலில் சிங்காரவேலர் அம்மனிடம் வேல் வாங்குகிறபோது அவர் திருமேனியில் வியர்வை அரும்பும் என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் டெஸ்க்கிலிருந்து அதே கேள்வி: “வியர்வை தெரியுதாய்யா?” கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டூல் மேல் நிற்கிற எனக்கு என் வியர்வைதான் தெரியும்.

எனக்குப் பிடித்த வேலை தண்ணீர் வருவதை எடுப்பது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது கணக்கு. எல்லா வருஷமும் கணக்குப்படி நடக்காது. திறந்தாலும் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் புகுந்து கடைமடையான எங்கள் பக்கத்துக்கு வந்து சேர நாளாகும். கல்லணையில் மந்திரிகள் பூத்தூவும் படம் எல்லாப் பேப்பரிலும் வந்து, எல்லாரும் மறந்த பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும். வாய்க்கால் ஷட்டரைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஒருவர் எனக்கு ஆள். “இன்னைக்கு ராத்திரி ஷட்டரைத் தூக்குறாங்க, காலையில அஞ்சு மணிக்கு வந்துருங்க” என்று தகவல் சொல்வார்.

தண்ணீர் பாய்ந்து வரும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது ஊர்ந்துதான் வரும். முன்விளிம்பில் அழுக்கு நுரை, வைக்கோல், காய்ந்த வேப்பிலை, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. வெடித்துக் கிடக்கிற தரை முதலில் குடிக்கும். ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் காற்று முட்டைமுட்டையாக வெளியே வரும். உள்ளே இருந்த நண்டும் தேளும் கரைக்கு ஓடும். ஒரு வெடிப்பு நிரம்பி வழிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகும். ஒரு கஜ தூரம் நகர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, அந்த விளிம்பு லென்ஸை நோக்கி வருவதைக் காத்திருந்து எடுப்பேன். கரையில் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். பூ இருக்காது அவர் கையில். மடியிலிருந்து ஒரு பிடி விதைநெல் எடுத்துப் போடுவார், அல்லது ஒன்றும் போடாமல் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். டெஸ்க்குக்குப் பூத்தூவுகிற படம்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் நாலு செம்பருத்தி பறித்து அவர் கையில் கொடுத்துத் தூவச் சொல்லலாம், பலர் செய்வார்கள். எனக்கு அது ஒத்துவந்ததில்லை. தண்ணீர் பார்க்க வந்த மனுஷனை நாடகம் போடச் சொல்லிவிட்டு, அந்த வருஷம் அவர் குறுவை காய்ந்தால் மறுபடி எந்த முகத்தோடு அந்த வயலுக்குப் போய் நிற்பது?

விபத்து நடந்த இடத்துக்குப் போவது லேசு என்று சொன்னால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். லேசுதான். அங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள். கஷ்டம் அதற்கப்புறம். இறந்தவரின் படம் வேண்டும் என்று டெஸ்க் கேட்கும். சாவு வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அழுகிறவர்களைத் தாண்டிப் போய், கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஒரு மைத்துனரையோ சித்தப்பாவையோ பிடித்து, “ஐயா, ஒரு போட்டோ கிடைக்குமா?” என்று கேட்க வேண்டும். சில வீட்டில் திட்டு விழும். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பேப்பரில் முகம் வருவது கடைசி மரியாதை என்று நினைக்கிற ஊர் இது.

ஃப்ரேம் போட்ட படமென்றால் திண்ணைக்கு எடுத்து வருவேன். கண்ணாடியில் வானமும் என் மூஞ்சியும் தெரியும். படத்தைச் சுவரில் சாய்த்து, குடையை விரித்து மேலே ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் கண்ணாடி மறையும். ஃப்ரேம் இல்லாத வீடுதான் அதிகம். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு குரூப் போட்டோ வரும். மாப்பிள்ளைக்குப் பின்னால் மூன்றாவதாக நிற்பார், அல்லது யார் தோளிலாவது கைபோட்டிருப்பார். தலையை மட்டும் வெட்டி எடுக்கிறபோது அடுத்தவரின் தோளோ கையோ கூட வந்துவிடும். அந்தக் கையை மட்டும் வெட்ட முடியாது. பழைய பேப்பர் கிடைத்தால் பாருங்கள், கடலில் விழுந்தவர், லாரி மோதியவர், பாம்பு கடித்தவர் என்று தபால்தலை அளவு முகங்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் நாலு விரல் இருக்கும்.

வாங்கிய படத்தை அன்று ராத்திரிக்குள் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் போன அந்த நிருபர் முதல் வாரமே போட்ட சட்டம் அது. “நாளைக்குக் குடுக்கலாம்னு நெனச்சியோ, அது உன் வீட்டுப் பீரோவுலயே தங்கிடும். அவங்களுக்கு அது ஒண்ணுதான்யா இருக்கும்.”

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர் ஒவ்வொரு பையையும் வாங்கி மோந்து பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். மண்ணெண்ணெய்க்காக. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்த பிறகு சோதனை கெடுபிடியாயிற்று. ஆனால் வழக்கம் அதற்கும் முந்தியது. எனக்கு முதல்நாள் ராத்திரியே போன் வரும். “அண்ணே, நாளைக்குப் பதினோரு மணிக்கு போர்ட்டிகோகிட்ட நில்லுங்க.” அவ்வளவுதான் சொல்வார்கள். எனக்குப் புரியும். அவர்களுக்குச் சாகிற எண்ணம் இல்லை. கேமரா இல்லாத மனுவுக்கு ஒரு நம்பர் கிடைக்கும். கேமரா இருந்தால் ஆர்.டி.ஓ. மாடியிலிருந்து இறங்கி வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தீக்குச்சி யார் எண்ணத்தையும் கேட்டு எரிவதில்லை.

காலையில் போனதும் கேட்டில் இருக்கும் ஏட்டையாவிடம் சொல்லிவிடுவேன். கூட்டாளிகள் சிலர், “ஒனக்கு நியூஸ் வேண்டாமா?” என்று கோபித்துக்கொண்டதுண்டு. வேண்டும். கேனைப் பிடுங்கிய பிறகு அந்த ஆளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து, மனுவைக் கையில் பிடிக்கச் சொல்லி, விஷயத்தைக் கேட்டு, எடுப்பேன். மண்ணெண்ணெய்ப் படத்துக்கு மூன்று காலம் கொடுக்கிற டெஸ்க், மனுப் படத்துக்கு ஒரு காலம் கொடுக்கும். சிலசமயம் அதுவும் கிடையாது. அந்த ஆள் மறுவாரம் என்னைப் பார்த்து, “படம் வரலியேண்ணே” என்று கேட்பார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்ததில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஒன்பது மணி வாக்கில் தெருவில் ஜனங்கள் மேற்கே பார்த்து ஓடினார்கள். “கடல் ஊருக்குள்ள வந்துருச்சு” என்று யாரோ கத்தினார்கள். வெண்மணியில் எடுத்த ரோல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதமிருந்த கலர் ரோலைப் போட்டுக்கொண்டு எதிர்த் திசையில் போனேன். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அன்றைக்குப் பார்த்ததை நான் எழுதப் போவதில்லை. எடுத்ததிலும் பாதியை யாருக்கும் அனுப்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் போனார்கள். ஊரில் கரண்ட் இல்லை, லேப் இல்லை. திருவாரூர் வரை பைக்கில் போய் ஒரு கலர் லேப்பைத் திறக்கச் சொல்லிக் கழுவினேன். லேப் பையன் ஈர நெகட்டிவைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நாளில் உலகம் முழுக்க எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. நீளநீளமான லென்ஸ், சாட்டிலைட் போன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடலூரில் ராய்ட்டர்ஸுக்காக அர்கோ தத்தா எடுத்த படம்தான் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதை வாங்கியது. மண்ணில் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை மேலே விரித்து அழுகிற ஒரு பெண்; ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். முகத்தைக் காட்டாமல் விட்டாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அவர் அந்தப் படத்தோடு ஊர் திரும்பிவிடலாம். எங்களால் முடியாது.

ஜனவரி பிறந்த பிறகு ஆட்கள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வீடு போனபோது ஆல்பமும் போயிருந்தது. ஃப்ரேம், ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அடையாள அட்டை எதுவுமே மிச்சமில்லை. முகம் மறந்துபோய்விடுமோ என்ற பயத்தோடு வந்தார்கள். “தம்பி, எங்க மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தீங்களே, அதுல என் வீட்டுக்காரரு கப்பரை தூக்கிட்டு நின்னாரு, இருக்குமா?” “தடைக்காலத்துல வலை பின்னுறதப் படம் புடிச்சீங்களே, ஓரத்துல உக்காந்திருந்தது எங்கப்பா.” பேப்பரில் வந்தது ஒரு படம், ரோலில் முப்பத்தைந்து படம் வராமல் கிடந்தது. உதவாது என்று விட்ட ஃபிரேம்கள்தான் இப்போது தேவைப்பட்டன.

நெகட்டிவைப் பார்த்து முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகியவனால்தான் முடியும். வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் இருக்கும். பெற்ற தாய்க்கே பிள்ளை தெரியாது. அதனால் டார்க்ரூமுக்குள்ளேயே கூட்டிவந்து, பேப்பரில் எக்ஸ்போஸ் பண்ணி, டிரேயில் போட்டுக் காட்டுவேன். சிவப்பு விளக்கில் முதலில் தலைமுடி வரும், அப்புறம் கண். பெரும்பாலும், “இல்லைங்க, இவன் இல்லை” என்பார்கள். அடுத்த ஃபிரேம்.

கீச்சாங்குப்பத்துக்காரர் ஒருவர். பள்ளி ஆண்டு விழாவில் கரகம் ஆடிய நாலு பெண் குழந்தைகளில் ஒன்று அவருடையது. முகம் நெகட்டிவில் மிளகளவு. எவ்வளவு பெரிதுபண்ண முடியுமோ அவ்வளவு பண்ணி, அந்தக் குழந்தையை மட்டும் கட் பண்ணி எட்டுக்கு ஆறில் போட்டேன். பக்கத்துக் குழந்தையின் வளையல் போட்ட கை கூடவே வந்தது. அதை மறைக்க டச்சப் பிரஷ்ஷை எடுத்தேன். அவர் தடுத்தார். அந்தக் கையும் அவருக்குத் தெரிந்த கைதான், அடுத்த வீட்டுப் பெண், அதுவும் திரும்பவில்லை. “நாலு புள்ளையும் இருக்குற மாதிரியே முழுசாப் போட்டுடுங்க. அவங்க வூட்டுக்கும் ஒண்ணு.” சுனாமி குடியிருப்பில் அந்தப் படம் இன்றும் இரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. நாலில் பிழைத்த ஒரு பெண் இப்போது நர்ஸ். அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததும் நான்தான்.

அதற்கப்புறம் டிஜிட்டல் வந்தது, பஸ் கவர் போயிற்று, கண்டக்டர்களோடு இருந்த சிநேகமும் போயிற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது செல்போன் டவரெல்லாம் சாய்ந்து, படம் அனுப்ப மறுபடியும் பைக்கை உதைத்துக்கொண்டு மேற்கே போக வேண்டியிருந்தது. 2020 கடைசியில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்ததில் பாதி வேலை குறைந்தது. மீதியை நிருபர்களின் செல்போன் எடுத்துக்கொண்டது. குத்துவிளக்குக்கு அது போதும், நான் வருத்தப்படவில்லை. சாவு வீட்டிலும் இப்போது யாரும் ஃப்ரேமைக் கழற்றுவதில்லை. வாட்ஸ்அப் டிபியை எடுத்துக்கொள்கிறார்கள்.

நெகட்டிவ்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. உப்புக்காற்று ஃபிலிமைத் தின்னும், பூஞ்சணம் பிடிக்கும். பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பு எந்நேரமும் எரிகிறது. கரண்ட் பில் வரும்போதெல்லாம் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வரும். பாக்கெட்டுகள் மேல் வருஷம் எழுதியிருக்கிறேன், ஊர் எழுதியிருக்கிறேன். ஆள் பெயர் எழுதவில்லை, எழுதி மாளாது.

போன வாரம் அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். புதுப் படகு விடுகிறார்களாம். தாத்தா முதல்முதலில் படகு விட்டபோது நான் எடுத்த படம் வேண்டுமாம், வீல்ஹவுஸில் மாட்ட.

“எந்த வருஷம்ப்பா?”

“தெரியலண்ணே. நான் பொறக்கல.”

“தாத்தா எப்படி இருப்பாரு?”

“அதுவும் தெரியாதுண்ணே, படம் பாத்தாத்தானே தெரியும். ஆனா படகு நீலக் கலரு. அப்பா சொன்னாரு.”

“தம்பி, அது கறுப்பு வெள்ளை ஃபிலிமு. ஞாயித்துக்கிழமை அப்பாவக் கூட்டிக்கிட்டு வா. உக்காந்து தேடுவோம்.”